கடைவாய்ப் பல்லுக்குத் தண்ணீர் கட்டினேன்

என் பல்லுக்குள் சிமெண்டு போடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறியே இருக்க மாட்டேன். சிமெண்டு எனக்குப் புதிதில்லை. அரியலூருக்கு வெளியே ஹாலோ பிளாக் பட்டறை வைத்திருக்கிறேன். சிமெண்டையும் ஜல்லித்தூளையும் கலந்து, மெஷினில் அடித்து, வெயிலில் வரிசையாக வைத்து, வேளாவேளைக்குத் தண்ணீர் காட்டி, கல்லாக்கி விற்கிறவன். சிமெண்டு ஆலைகள் சூழ்ந்த எங்கள் ஊரில் தும்மினால்கூடச் சாம்பல் நிறத்தில்தான் தும்முவோம். ஆனாலும் எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இருந்தால்தான் மரியாதை. சிமெண்டுக்கு மரியாதை சுவரில். அது என் கடைவாய்க்குள் வந்து, உயிருள்ள நரம்பின் தலைமேல் உட்கார்ந்தபோது, ஐம்பத்திரண்டு வயது ஆள் இப்படி நடுங்கலாமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். நடுங்கலாம் என்றுதான் பதில் வந்தது.

ஆரம்பித்து வைத்தது ஒரு சின்ன வெங்காயம். பட்டறையில் உட்கார்ந்து பழைய சோற்றைக் குடித்துக்கொண்டிருந்தேன். தொட்டுக்கொள்ள உரித்த வெங்காயம். இடது பக்கம் கீழே, கடைசிக்கு முந்தின பல்லில் வைத்துக் கடித்தேன். தாடையில் ஆரம்பித்துக் காது வழியாக உச்சி வரைக்கும் ஒரு கம்பி போய் வந்தது. மெஷினுக்கு எர்த் சரியில்லையோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன். மெஷின் அணைந்து கிடந்தது.

வலது பக்கம் கடிக்கலாமே என்பீர்கள். வலது பக்கம் ஏற்கெனவே பிரித்த வீடு. சில வருடங்களுக்கு முன் அங்கேயும் ஒரு பல் இப்படித்தான் வலித்தது. நான் பாட்டுக்கு விட்டுவிட்டேன். ஒருநாள் வலி தானாக நின்றது. பட்டறை முழுக்க வடை வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் கன்னம் பணியாரம் போல உப்பி, ஒரு கண்ணே சின்னதாகிவிட்டது. நரம்பு உள்ளே செத்துப்போய்ச் சீழ் பிடித்திருந்ததாம். வலி நின்றதற்காக நான் வடை வாங்கியது, உண்மையில் அந்தப் பல்லின் கருமாதி வடை. அதைப் பிடுங்கினார்கள். பக்கத்துப் பல்லும் துணைக்குப் போயிற்று. அதற்கப்புறம் நான் மென்று தின்பதெல்லாம் இடது பக்கத்தில்தான். அதுவும் போனால் மிச்ச ஆயுசுக்கும் குழைந்த சோறும் ரசமும்தான். அந்தப் பயம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. ஆனால் பயந்தவன் உடனே டாக்டரிடம் போனான் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தவன் கிராம்புத் தைலம் வாங்கினான்.

பஞ்சில் நனைத்து வைத்தேன். பஞ்சு இல்லாதபோது புட்டியையே கவிழ்த்தேன். என் பக்கத்தில் வந்தவர்களெல்லாம் பிரியாணி வாசனை வருகிறதே என்று சுற்றிப் பார்த்தார்கள்.

கடைசியில் என் மனைவி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். "ஏங்க, நீங்க டாக்டர்கிட்டப் போற வரைக்கும் இந்த வூட்ல தினம் களிதான். மெல்ற வேலையே இல்ல."

அரியலூரில் பல் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் கத்துவேன் என்று எனக்குத் தெரியும். ஊரில் நான் கிண்டல்காரன் என்று பேர் வாங்கினவன். அடுத்தவன் பயத்தை வைத்து எத்தனை கல்யாண வீடுகளில் சிரிப்பு மூட்டியிருக்கிறேன். நான் கத்துவது என் ஊர்க்காரன் காதில் விழுந்தால் அப்புறம் பந்தியில் உட்கார முடியாது. ஆகவே பெரம்பலூர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு கிளினிக் பலகையைப் பார்த்து, தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஏறினேன். உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அட, பிளாக் அங்கிள். வாங்க, வாங்க. எப்படி இருக்கீங்க?"

குன்னத்தில் வீடு கட்டியபோது என்னிடம் கல் எடுத்த ஒருவரின் மகள். கல் இறக்குகிற அன்றைக்கு மணல்மேட்டில் ஏறி விளையாடிக்கொண்டிருந்த பாப்பா. இப்போது கையில் ஊசி.

"வாயத் தொறங்க அங்கிள்."

"இரு பாப்பா. உங்கப்பாவுக்கு நான் குடுத்த கல்லு ஏதாச்சும் ஒடஞ்சிருந்துதா?"

"இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

"மனசுல ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு. தொறந்தப்புறம் சொல்லாத."

அவள் சிரித்துக்கொண்டே எக்ஸ்ரே எடுத்தாள். படத்தைத் திரையில் காட்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நேரத்திலிருந்து நான் அவளைப் பாப்பா என்று கூப்பிடவில்லை.

"சொத்தை ரொம்ப ஆழமாப் போயிடுச்சு அங்கிள். இதோ இந்தக் கறுப்பு சொத்தை. இதுதான் நரம்பு இருக்கிற அறை. ரெண்டுக்கும் நடுவுல காயிதம் கனத்துக்குத்தான் செவுரு மிச்சம் இருக்கு."

"பிடுங்கணுமா டாக்டர்?"

"அதுக்கு அவசரம் இல்ல. பல்லு உசுரோட இருக்கு. உசுரு இருந்தா காப்பாத்தத்தான் பாக்கணும்."

பல் என்பது கல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தொழில் அப்படி. அவள் சொல்லித்தான் தெரிந்தது. உள்ளே ஒரு சின்ன அறை, அதில் ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. அறையின் சுவரோரம் பல்லைக் கட்டுகிற செல்கள் வரிசையாக நிற்கின்றன. "உங்க கொத்தனாருங்க மாதிரி" என்றாள். வெளியிலிருந்து சொத்தை அரித்துக்கொண்டு வர வர, அவை உள்பக்கமாகச் சுவர் எழுப்பிக்கொண்டே பின்வாங்குமாம். நான் மேலே முறுக்கு தின்றுகொண்டிருந்த காலமெல்லாம், ஒரு டீகூட வாங்கித் தராத முதலாளிக்காக, கும்மிருட்டில் ஒரு கூட்டம் சுவர் வைத்துக்கொண்டே பின்னால் போயிருக்கிறது. இப்போது முதுகு எதிர்ச் சுவரில் இடிக்கிற நிலைமை.

"இதுல என்ன போட்டீங்க?" என்று முகர்ந்து பார்த்தாள்.

"கிராம்புத் தைலம்."

"எவ்ளோ?"

"உங்க மனசு நோகாத அளவுக்கு."

"தூர இருந்து லேசாப் பட்டா அது நரம்புக்கு இதம். நேரா மேல ஊத்துனா செல்லைச் சுட்டுடும். அந்தக் காயிதச் செவுரு இருந்ததால தப்பிச்சிருக்கீங்க."

ஆக, கொத்தனார்கள் ஒருபக்கம் சொத்தையைச் சமாளிக்க, மறுபக்கம் நான் கொதிக்கிற எண்ணெயை ஊற்றியிருக்கிறேன். கோட்டையை முற்றுகையிட்டவனும் நான், உள்ளே மாட்டிக்கொண்டவனும் நான்.

ஊசி போட்டாள். உதடு பாதி என்னுடையது, பாதி வாடகைக்கு விட்டது போல ஆயிற்று. வாய்க்குக் குறுக்கே ஒரு ரப்பர்த் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் அந்தப் பல்லை மட்டும் நீட்டவைத்தாள். அப்புறம் மெஷின். நான் இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்திருந்த பிடியில் அது கழன்று வந்திருக்க வேண்டும். நல்ல கம்பெனிச் சாமான், தாங்கியது. கொஞ்ச நேரத்தில் மெஷினை நிறுத்தி, சின்னக் கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தாள். சுரண்டுகிற சத்தம் மண்டையோட்டுக்குள் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அங்கிள், பயப்படாதீங்க" என்றாள். அதைவிடப் பயமுறுத்துகிற வாக்கியம் தமிழில் கிடையாது. "கடைசிச் சொத்தையை எடுக்கும்போது நரம்பு சின்னதாத் தொறந்துடுச்சு. பாக்கறீங்களா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லை. போனில் படம் பிடித்துக் காட்டினாள். மஞ்சளாக ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி. ஈரமாக மின்னியது. என் உள்பக்கத்தை நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சின்னதா என்று இருந்தது. நான் அதுவரை மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த கிண்டல்களெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டன.

மருந்தில் நனைத்த பஞ்சை அந்தப் புள்ளிமேல் அழுத்தி வைத்துக் காத்திருந்தாள். எடுத்துப் பார்த்து, "ரத்தம் நின்னுடுச்சு, நல்ல சகுனம். நிக்காம வந்துக்கிட்டே இருந்தா நரம்பை எடுக்க வேண்டியதுதான்" என்றாள். நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள், அவளுக்கு உதவி செய்கிற அம்மா ஒரு சின்னப் பொட்டலத்தைக் கிழித்துக் கண்ணாடிப் பலகையில் கொட்டினார். சாம்பல் நிறப் பொடி. அதில் சொட்டுத் தண்ணீர். கொத்தனார் கரண்டிக்குப் பேத்தி போல ஒன்றால் குழைத்தார்.

உலகத்தில் எனக்கு வேறு எதுவும் தெரியாமல் இருக்கலாம். அந்தக் குழைவு தெரியும். தண்ணீர் பட்டதும் பொடி கறுப்பதும், கரண்டி இழுக்கும்போது ஈரமணல் போலப் பிரிவதும். தண்ணீர் கொஞ்சம் போதாது என்றுகூடத் தெரிந்தது. சொல்ல முயன்றேன். ரப்பருக்குள்ளிருந்து கன்றுக்குட்டிக் குரல்தான் வந்தது.

"சரக்கு அடையாளம் தெரிஞ்சிடுச்சா?" என்று அவள் சிரித்தாள். "கிட்டத்தட்ட உங்க ஊரு சாமான்தான் அங்கிள். சிமெண்டுக்குச் சொந்தக்காரன். நல்லாச் சுத்தம் பண்ணி, எக்ஸ்ரேல தெரியறதுக்கு இன்னொரு பொடி சேத்திருப்பாங்க."

அதற்கப்புறம் அவள் நிறையச் சொன்னாள். அக்கறையாக, விவரமாக, பொறுமையாகச் சொன்னாள். எனக்கு எதுவும் ஏறவில்லை. சிமெண்டு என்கிற சொல்லோடு என் காது கதவைச் சாத்திக்கொண்டது. அவள் அந்தச் சிவப்புப் புள்ளியின் மேல் சாம்பல் பொட்டு வைத்ததும், அதற்கு மேல் என்னவோ வைத்து மூடியதும், அடுத்த வாரம் வந்தால் நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்றதும் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது.

பஸ்ஸில் ஜன்னலோரம். எதிரே சிமெண்டு லாரிகள் வந்தன. ஒவ்வொரு லாரியும் என்னைத் தெரிந்தவன் போல ஹாரன் அடித்துவிட்டுப் போனது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் மரமரப்பு விட்டது. வலி வரும் என்று கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. நாக்கால் தொட்டேன். தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"வலிக்குதா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படிக் கெடக்கு?"

"வலிக்கலங்கறதுதான் பயமா இருக்கு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ போடப் போனாள். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் இடது பாதத்தில், கணுக்காலுக்குக் கீழே, முடி முளைக்காத ஒரு திட்டு இருக்கிறது. வாலிபத்தில் ஒரு காங்கிரீட் வேலைக்குப் போனபோது வந்தது. கூரைத் தளம் போடுகிற நாள். பூட்ஸ் கிடையாது, ரப்பர்ச் செருப்புதான். சிமெண்டுப் பால் செருப்புக்குள் இறங்கி நாள் முழுக்க நின்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டுப் பாடினேன், தளம் போட்டு முடித்ததும் கொடுத்த சாப்பாட்டைத் தின்றேன், பொழுது சாயும்போது குழாயடியில் காலைத் தேய்த்தேன். பாலாடை போலத் தோல் கையோடு வந்தது. அப்போதும் வலிக்கவில்லை. வலி வந்தது மறுநாள். சிமெண்டு கடிக்கும்போது சத்தம் போடாது. கடித்து முடித்துவிட்டு அப்புறம்தான் சொல்லும்.

இப்போது எனக்குள் படம் ஓட ஆரம்பித்தது. அந்தச் சின்ன அறையில், கொத்தனார்கள் வெறுங்காலோடு, முழங்கால் வரை சிமெண்டுப் பாலில் நிற்கிறார்கள். பாட்டுப் பாடுகிறார்கள். ஒருவருக்கும் வலிக்கவில்லை. வலது பக்கத்துப் பல் வலி நின்ற அன்றைக்கு வடை தின்ற மாதிரியே நான் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு முதல்நாள் அடித்த கல்லுக்கெல்லாம் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் அறிவு வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்த நாட்களில்தான் நான் நன்றாக இருந்திருக்கிறேன். சிமெண்டுக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் என்ன ஆகும்? வெடிப்பு விடும். தளம் போட்டால் மேலே பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்தி வைக்கிறோம் இல்லையா? பல்லுக்குள் போட்டதற்கு மட்டும் வேறு சட்டமா? தண்ணீர் நின்றால் சிமெண்டும் இறுகும், காரமும் கரைந்து கொத்தனார்களின் கால் பிழைக்கும். இதை டாக்டர் எப்படி மறந்தாள்? பாவம், சின்னப் பெண், பிளாக் பட்டறை அனுபவம் இல்லை.

பானையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்து இடது கன்னத்தில் நிறுத்தினேன். தலையை லேசாக இடது பக்கம் சாய்த்துக்கொண்டேன். நீர்மட்டம் சரியாக இருக்க வேண்டுமே.

அன்றைக்கென்று பார்த்து ஒரு புது ஆள் கல் கேட்டு வந்தார். ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயி, மாட்டுக் கொட்டகைக்குச் சுவர் வைக்கிறாராம். என்ன கல் இருக்கிறது என்று கேட்டார். கையால் ஆறு அங்குலம் காட்டினேன். நாலு அங்குலம் காட்டினேன். வானத்தைக் காட்டி, மழையிலும் நிற்கும் என்று சைகை செய்தேன். தலை சாய்ந்தே இருந்தது. அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மௌன விரதங்களா? செட்டிகுளத்து முருகனுக்கா?"

இல்லை என்று சொன்னால் தண்ணீரைத் துப்ப வேண்டும். கண்ணை மூடி, மெதுவாக ஆமாம் என்று தலையாட்டினேன். முருகன் மன்னிக்க வேண்டும். அந்த மனுஷன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "எனக்கும் ரெண்டு வார்த்த வேண்டிக்கங்க" என்றுவிட்டுக் கல்லைத் தட்டிக்கூடப் பார்க்காமல் எடுத்துப் போனார்.

மேஸ்திரி ஓஸைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "மொதலாளி, காலைலேருந்து பாக்கறேன். வாயில என்ன வச்சிருக்கீங்க?"

தண்ணீரை விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஈரச் சாக்கு போட்டு மூடலீங்களா?" என்றார். "வெயிலு ஏறுதுல்ல."

அடுத்த சில நாட்களில் பட்டறையில் என் பல் ஒரு தனி வேலைக் கணக்காகவே ஆகிவிட்டது. கல்லுக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் யாராவது ஒருவர் எனக்கும் சொம்பை நீட்டுவார்கள். "மொதலாளி, உங்க தளம் காயுது." சென்ட்ரிங் பலகையை எப்போது பிரிப்பது, குடிபோகும்போது பால் காய்ச்சுவது பற்றியெல்லாம் பேச்சு நடந்தது. எத்தனையோ பேரை நான் ஓட்டியிருக்கிறேன். வாயில் தண்ணீரோடு இருப்பவனை ஓட்டுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. பதில் பேச முடியாது.

வீட்டில் என் மனைவி இன்னும் கெட்டிக்காரி. நான் "ம்" மட்டும்தான் சொல்ல முடியும் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"தங்கச்சி வூட்டுக் காதுகுத்துக்கு ஒரு நாள் முன்னாடியே போயிடலாம்ல?"

"ம்."

"அந்தப் பழைய சோபாவைத் தூக்கிப் போட்டுடலாம்ல?"

"ம்ம்ம்."

"அது ஆமான்னு எடுத்துக்கறேன்."

இவ்வளவு சிரிப்புக்கும் நடுவில், தண்ணீரை விழுங்கிவிட்டு நாக்கால் தொட்டுப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பல் ஒன்றும் சொல்லாமல் இருந்தது. அந்த அமைதி என்னைக் கொன்றது. கடைசியில் தாங்க முடியாமல், கடைத்தெருவில் சர்பத் போடுகிறவரிடம் ஒரு துண்டு ஐஸ் வாங்கி இடது கன்னத்தில் அதக்கினேன். உயிர் இருந்தால் கூசட்டும், இல்லாவிட்டால் தெரிந்துபோகட்டும். வாயிலிருந்த மொத்தப் பற்களும் ஒன்றாகக் கத்தின. பல்லே இல்லாத வலது ஈறும் சேர்ந்து கத்தியது. கூட்டத்தில் எவனோ விசிலடித்தால் எவன் என்று எப்படித் தெரியும்? ஐஸைத் துப்பிவிட்டுச் சாக்கடையோரம் நின்றேன். பிழைத்ததா செத்ததா என்று தெரியாமல் நிற்கிறவனுக்குச் சர்பத்காரர் அன்போடு, "இன்னொரு துண்டு வேணுங்களா?" என்றார்.

வரச் சொன்னதற்கு முந்தின நாளே பெரம்பலூர் போய்விட்டேன். மனைவியும் வந்தாள். துணைக்கு என்று சொன்னாள். வேடிக்கை பார்க்க என்பது முகத்தில் எழுதியிருந்தது.

"நாளைக்குல்ல வரச் சொன்னேன்?" என்றாள் டாக்டர்.

"தெரியும் டாக்டர். நாளைக்குப் பயப்பட வேண்டியதை இன்னைக்கே பயந்து முடிச்சிட்டேன். அதான்."

நாற்காலியில் சாய்ந்ததும், நான் சொல்வதற்கு முன்னால் என் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தண்ணீர், தலைச் சாய்ப்பு, மௌன விரதம், சாக்கு. டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. உதவிக்கார அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்கிள்" என்றாள், குரல் சரியானதும். "இது இறுகறதுக்கு ஈரம் வேணும்னு எனக்கும் தெரியும். அதான் அது மேல ஈரப் பஞ்சு வச்சு மூடி அனுப்பினேன். அன்னைக்கே சொன்னேனே. நீங்க வெளிய நிறுத்துன தண்ணி ஒரு சொட்டுகூட உள்ள போயிருக்காது. போகவும் கூடாது."

"பூட்டுன வூட்டுக்கு வாசல்ல நின்னு தண்ணி ஊத்தியிருக்காரு" என்றாள் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நான் நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை டாக்டர் கவனித்துவிட்டாள்.

"என்ன அங்கிள்?"

செருப்பைக் கழற்றி அந்தத் திட்டைக் காட்டினேன். "இது வெந்தப்ப எனக்கு வலிக்கலம்மா. இப்பவும் வலிக்கல. வலது பக்கமும் இப்படித்தான் அமைதியாச் செத்துச்சு." அவ்வளவுதான் சொன்னேன். அதில் கிண்டல் எதையும் சேர்க்க முடியவில்லை.

அவள் சின்ன ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க பயந்தது முழுசாத் தப்பு இல்ல. இதுவும் காரம்தான். வச்ச எடத்துல மேலாப்புல இருக்கிற செல்லுங்க லேசா வெந்துதான் போகும். ஆனா அது மெல்லிசு. அந்தச் சூடு பட்டதும், அதுக்குக் கீழ சும்மா கெடந்த செல்லுங்க முழிச்சிக்கும். ஏறி வந்து, செத்துப்போனதுங்க எடத்துல நின்னு, புதுசாச் செவுரு கட்டும். கிருமியும் அந்தக் காரத்துல நிக்காது. உங்க கால்லயும் அடியிலேருந்துதானே தோல் வந்துச்சு?"

"வந்துச்சு. முடி வரல."

"பல்லுக்கு முடி வேணாம்" என்றாள்.

நிரந்தரமாக அடைக்கப் போகிற வெள்ளைப் பசையை நேரே நரம்பின்மேல் ஏன் வைக்கவில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னாள். அது விளக்குப் போட்டு இறுக்குகிற சரக்கு. இறுகாமல் தங்குகிற மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே இறங்கினால் செல்கள் தாங்காது. சிமெண்டு சுட்டாலும் அப்புறம் அவற்றோடு ஒத்துப்போய்விடும், பசை பார்க்கச் சாது, நேரே பட்டால் துரோகி. அதனால் நரம்புக்குப் பக்கத்தில் முரடனை வைத்து, சாதுவை வெளியே நிறுத்துகிறார்கள். எங்கள் சொந்தக்காரர்களில் சிலரை நினைத்துக்கொண்டேன்.

"எல்லாம் சரி டாக்டர். இப்ப உசுரு இருக்கா இல்லையா?"

"வலிக்கலன்னா ரெண்டும் இருக்கலாம். ஆறியும் இருக்கலாம், போயும் இருக்கலாம். அதுகிட்டயேதான் கேக்கணும்."

மேல் அடைப்பை எடுத்தாள், பஞ்சை எடுத்தாள், கம்பியால் தட்டினாள். டக் டக். நன்றாக இறுகியிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பிறகு பஞ்சு உருண்டையில் எதையோ பீய்ச்சினாள். வெள்ளையாகப் பனி பூத்தது. "முதல்ல நல்ல பல்லுல வைப்பேன். தெரிஞ்சதும் கையத் தூக்குங்க. அப்புறம் இதுல."

மேல் பல்லில் வைத்தாள். கூசியது. கையைத் தூக்கினேன். பிறகு கீழே கொண்டுவந்தாள். கையைத் தூக்கினேன்.

"இன்னும் வைக்கவே இல்ல அங்கிள்."

"கல்யாணத்துலயும் இப்படித்தான்" என்றாள் மனைவி. "கெட்டிமேளம் சொல்றதுக்கு முன்னாடியே தாலியைத் தூக்கிட்டாரு."

"கண்ணை மூடிக்கங்க. ஒண்ணும் நெனைக்காதீங்க."

ஒன்றும் நினைக்காமல் இருப்பது எனக்கு வராது. மறுபடியும் கையைத் தூக்கினேன். அதுவும் பொய். என் பயம் பல்லை முந்திக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் செத்த பல்லையும் உயிர் இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அப்புறம் கன்னம் வீங்கும்போதுதான் தெரியும். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கீழே பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஒருவர், துறையூர் துறையூர் என்று கூவுவது கேட்டது. அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

பிறகு எங்கோ ஆழத்தில், நூல் அளவுக்கு ஒரு குளிர். ஓட்டைக் கூரையில் முதல் மழைத்துளி இறங்குவது போல, மெல்ல, தயங்கி, கீழே வந்து தொட்டது. சுருக்கென்றது. போய்விட்டது. கையைத் தூக்க வேண்டும் என்பதே எனக்கு நினைவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் தானாக மடங்கியதை டாக்டர் பார்த்துவிட்டாள்.

"தெரிஞ்சுதா?"

தலையாட்டினேன்.

"நின்னுச்சா, போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அதான் வேணும். வந்துட்டுப் போயிடணும். வந்து உக்காந்துக்கிட்டாத்தான் தப்பு." பனிப் பஞ்சைத் தட்டில் போட்டாள். "இருக்கு அங்கிள்."

அதற்கப்புறம் நீல விளக்கைக் காட்டி வெள்ளைப் பசையை இறுக்கினாள். இத்தோடு முடிந்துவிடவில்லை, மாதக்கணக்கில் பார்க்க வேண்டும், நடுவில் எப்போது வேண்டுமானாலும் அது போய்விடலாம், உள்ளே சுவர் எழும்புகிறதா என்று படம் எடுத்துத்தான் சொல்ல முடியும் என்றாள். இந்தத் தடவை எல்லாம் காதில் விழுந்தது. விழாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு படம் எடுத்தாயிற்று. சாம்பல் பொட்டுக்கு அடியில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிகிறது என்றாள். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சுவர் வேலையில் அனுபவம் உள்ளவன் என்கிற முறையில் தெரிகிறது என்று சொல்லிவைத்தேன். இன்னொரு படம் பாக்கி இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் காலையில் ஒரு புதுப் பழக்கம். பல் விளக்கியதும் என் மனைவி பிரிட்ஜிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து நீட்டுவாள். நான் இடது பக்கம் வாங்கிக்கொண்டு நிற்பேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கூசுதா?"

"ம்."

"அப்பச் சரி" என்று தோசை ஊற்றப் போவாள். அவள் போகும்வரை நான் விழுங்குவதில்லை. அந்தக் கூச்சம் வந்துவிட்டுப் போய்விட்டதா, இன்னும் உட்கார்ந்திருக்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.